ரூக் ஆபரேட்டரின் நிரலை மாற்றிப் பார்க்க மடிக்கணினியில் சோதனை கிளஸ்டர் அமைப்பது எப்படி?

வைப்பாறு (கேள்வி)

வணக்கம். குபர்நெட்டிஸ் (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) மீது செஃப் என்ற பரவல் சேமிப்பை நிறுவி நிர்வகிக்கும் ரூக் ஆபரேட்டரின் கோ மொழி நிரலில் ஒரு சிறிய மாற்றத்தைச் செய்து, திட்டத்துக்கு அனுப்பும் முன் அதை என் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புகிறேன். என்னிடம் இருப்பது உபுண்டு நிறுவிய, 16 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு மடிக்கணினி மட்டுமே.

ஒரே கணினியில் குபர்நெட்டிஸ் கிளஸ்டரை அமைத்துத் தரும் மினிகியூபை, டாக்கர் டிரைவருடன் (நோடு எனப்படும் கிளஸ்டர் கணினியை ஒரு கண்டெய்னராக எழுப்பும் முறையில்) தொடங்கினேன். ரூக் களஞ்சியத்தின் எடுத்துக்காட்டு அடைவில் உள்ள சிஆர்டி (ரூக்கின் வள வகைகளைக் குபர்நெட்டிஸுக்கு அறிமுகப்படுத்தும் வரையறை), பொது அனுமதிகள், ஆபரேட்டர் ஆகிய மூன்று யாம்ல் கோப்புகளையும் வரிசையாக ஏற்றிய பின், சோதனைக்கென்றே தரப்பட்டுள்ள 'கிளஸ்டர்-டெஸ்ட்' கோப்பையும் ஏற்றினேன். கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மான் (மானிட்டர்) பாடும் மேனேஜர் பாடும் எழுந்துவிட்டன (பாட் என்பது குபர்நெட்டிஸ் ஓட்டும் சிறு அலகு). ஓஎஸ்டி (டிஸ்க்கில் தரவை வைத்துக் காக்கும் செஃப் நிரல்) தயாரிப்பு பாட் பிழை எதுவும் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டதாகக் காட்டுகிறது. ஆனால் அதன் பிறகு ஓஎஸ்டி பாட் ஒன்றுகூட வரவில்லை. கிளஸ்டரின் நிலை எச்சரிக்கையிலேயே நிற்கிறது.

என் ஐயங்கள் இவை. ஓஎஸ்டி ஏன் வரவில்லை? மேசையில் ஒரு காலி யூஎஸ்பி எஸ்எஸ்டி இருக்கிறது, அதைச் செருகினால் போதுமா? ஒரே நோடு, ஒரே மான் கொண்ட கிளஸ்டரில் சோதித்துவிட்டு மாற்றம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா, அல்லது மூன்று நோடு கட்டாயம் வேண்டுமா? கடைசியாக, நான் மாற்றிய ஆபரேட்டரை அந்தக் கிளஸ்டருக்குள் கொண்டு சேர்ப்பதற்கு, இமேஜை (கண்டெய்னராக ஓடும் நிரல் தொகுப்பை) இணையப் பதிவகத்துக்கு ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு வழி உண்டா?

பொதிகை

யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகிவிடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஓஎஸ்டி வராததைப் பார்ப்போம். தயாரிப்பு பாடின் வேலை, அந்த நோடில் தெரியும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பயன்படுத்தத் தக்கவற்றை மட்டும் ஓஎஸ்டியாக மாற்றுவது. எதுவும் தகுதியாக இல்லையென்றால் அது பிழையன்று. 'செய்ய ஒன்றுமில்லை' என்று பதிந்துவிட்டு இயல்பாகவே முடிந்துவிடும். அதனால்தான் உங்களுக்குப் பிழைச் செய்தி கிடைக்கவில்லை. அந்தப் பாடின் பதிவைத் திறந்து பார்த்தால், எந்த டிஸ்க் எதற்காகத் தவிர்க்கப்பட்டது என்று வரி வரியாக இருக்கும்.

டிஸ்க் என்று ரூக் ஏற்றுக்கொள்வது பகிர்வும் கோப்பு முறைமையும் இல்லாத வெற்று டிஸ்க், கோப்பு முறைமை இல்லாத வெற்றுப் பகிர்வு, எல்விஎம் தருக்கத் தொகுதி, பிளாக் முறையில் தரப்படும் நிலைத் தொகுதி ஆகியவற்றையே. நோடுக்குள் நுழைந்து, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையைக் கோப்பு முறைமை விவரத்துடன் ஓட்டினால், அந்தப் பத்தி காலியாக இருக்கும் டிஸ்க்குகளுக்குத்தான் வாய்ப்பு உண்டு. அளவும் முக்கியம்: 5 ஜிபிக்குக் குறைந்த டிஸ்க்கை, டிஸ்க்குகளைத் தயார் செய்யும் செஃப்-வால்யூம் கருவியே போதிய இடமில்லை என்று நிராகரித்துவிடும். சோதனைக்குத்தானே என்று 2 ஜிபி, 3 ஜிபி அளவில் டிஸ்க் உருவாக்குபவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

டாக்கர் டிரைவரில் மினிகியூப் நோடு என்பது உங்கள் மடிக்கணினியிலேயே ஓடும் ஒரு கண்டெய்னர். அதற்கென்று தனிக் கெர்னல் கிடையாது, தனி டிஸ்க்கும் கிடையாது. ஓஎஸ்டி தயாரிப்பு பாடோ மேலதிக உரிமைகளோடு ஓடி, நோடின் டிவைஸ் அடைவை நேரடியாகப் பார்க்கிறது. 'கிளஸ்டர்-டெஸ்ட்' கோப்பில் எல்லா நோடுகளையும் எல்லா டிஸ்க்குகளையும் பயன்படுத்து என்று இரண்டு அமைப்புகளும் இயக்கப்பட்டுள்ளன. இந்நிலையில் காலி எஸ்எஸ்டியைச் செருகினால், நோடு அதைக் கண்டுகொள்ளும் பட்சத்தில், கேள்வி எதுவும் கேட்காமல் செஃப் தன் முத்திரையை அதில் பதித்துவிடும். உங்களுடையது வெறும் டிஸ்க் என்பதால் இழப்பு பெரிதாக இருக்காது. ஆனால் மெய்யான டிஸ்க்கும் சோதனை ஆபரேட்டரும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஓர் அமைப்பை வைத்திருப்பதே தவறு. நிரலை மாற்றிப் பார்க்கத்தானே போகிறீர்கள், அந்த மாற்றம் டிஸ்க் தேர்வையே தொடுவதாகவும் இருக்கலாம்.

எனவே மெய்நிகர் எந்திரத்துக்கு மாறுங்கள். லினக்ஸில் மினிகியூபைக் கேவிஎம்2 டிரைவருடன் தொடங்கி, டிஸ்க் அளவு 40 ஜிபி, கூடுதல் டிஸ்க் 1 என்று இரண்டு தேர்வுகளையும் தாருங்கள். கூடுதல் டிஸ்க் தரும் வசதி டாக்கர் டிரைவரில் இல்லை. கேவிஎம்2, கியூஎம்யூ2 போன்ற மெய்நிகர் எந்திர டிரைவர்களில்தான் உண்டு. அப்படித் தொடங்கிய நோடுக்குள் இரண்டாவது டிஸ்க் முற்றிலும் வெறுமையாக நிற்கும்; நீங்கள் ஏற்றிய அதே கோப்புகளை மறுபடி ஏற்றினால், வேறு மாற்றமின்றி ஓஎஸ்டி எழும்.

இரண்டு சிறு குறிப்புகள். மினிகியூபின் மெய்நிகர் எந்திரம் தற்காலிகக் கோப்பு முறைமையில் எழுவதால், சில அடைவுகள் மட்டுமே மறுதொடக்கத்துக்குப் பின்னும் தங்கும். மான் தரவு வைக்கப்படும் இடத்தைக் கிளஸ்டர் கோப்பில் 'டேட்டா' அடைவின் கீழ் மாற்றிவிட்டால், இரவு கணினியை அணைத்து மறுநாள் தொடரலாம். கிளஸ்டரை அன்றன்றே அழித்துவிடுபவருக்கு இது தேவையில்லை. அடுத்தது, தேடும்போது கிடைக்கும் பழைய கட்டுரைகள் பற்றியது. ரூக் ஒரு காலத்தில் கசாண்ட்ரா, என்எஃப்எஸ் போன்றவற்றையும் நிர்வகித்தது; இப்போது செஃப் மட்டும்தான். எடுத்துக்காட்டுக் கோப்புகளின் அடைவும் 1.8 பதிப்பில் இடம் மாறிவிட்டது. கட்டுரையில் உள்ள அடைவு உங்கள் களஞ்சியத்தில் இல்லையென்றால், அந்தக் கட்டுரையின் மற்ற அறிவுரைகளையும் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

சுருளி

பொதிகை சொன்னவற்றில் பெரும்பாலானதை ஏற்கிறேன். ஆனால் கேவிஎம் வசதி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அலுவலகம் தரும் மேகக் கணினிகள் பலவற்றில் மெய்நிகராக்கத்துக்குள் மெய்நிகராக்கம் அனுமதிக்கப்படுவதில்லை. அங்கே, ஒரு கோப்பையே டிஸ்க் போலக் காட்டும் லூப் டிவைஸ்தான் வழி. ஒரு பெரிய வெற்றுக் கோப்பை உருவாக்கி அதை லூப் டிவைஸாக இணைத்து, ஆபரேட்டர் அமைப்புகளில் லூப் டிவைஸ்களை அனுமதிக்கும் தேர்வை இயக்கினால் ஓஎஸ்டி வரும். இயல்பில் அது அணைக்கப்பட்டிருக்கும், சோதனைக்கு மட்டும் என்ற குறிப்பும் அங்கேயே இருக்கும். அப்படிச் செய்யும்போது எல்லா டிஸ்க்குகளையும் பயன்படுத்தும் அமைப்பை அணைத்துவிட்டு, அந்த ஒரு டிவைஸின் பெயரை மட்டும் எழுதுங்கள். பொதிகை சொன்ன ஆபத்து அதோடு நீங்கிவிடும். ஒரே கெர்னலைப் பல கண்டெய்னர் நோடுகள் பகிரும் கைண்ட் போன்ற அமைப்பில் இதைச் செய்தால் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: ஒரே லூப் டிவைஸ் எல்லா நோடுகளிலும் தெரியும், ஒவ்வொரு நோடும் அதைத் தன்னுடையது என்று நினைக்கும். ஆகவே எந்த நோடுக்கு எந்த டிவைஸ் என்று நோடு வாரியாகப் பிரித்து எழுத வேண்டும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இத்திரியில் கவனித்துப் பேச வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நோடா, மூன்று நோடா என்பதை நீங்கள் தொட்டிருக்கும் நிரல்தான் தீர்மானிக்க வேண்டும். புதிய புலம் ஒன்றைச் சேர்ப்பது, ஒரு பாடின் வரையறையை மாற்றுவது, நிலைச் செய்தியைத் திருத்துவது போன்ற வேலைகளுக்கு ஒரு நோடு, ஒரு மான், ஒரு ஓஎஸ்டி தாராளம். அங்கே நீங்கள் சோதிப்பது ஆபரேட்டரின் சுழற்சியை: விரும்பிய நிலையைப் படித்ததா, இருக்கும் நிலையோடு ஒப்பிட்டதா, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றியதா என்பதை. செஃப் தரவை எத்தனை நகலாக வைத்திருக்கிறது என்பது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. 'கிளஸ்டர்-டெஸ்ட்' கோப்பு நகல் எண்ணிக்கையை 1 ஆக இறக்கி, நகல் இல்லை என்ற எச்சரிக்கையையும் அணைத்து வைத்திருப்பது இதற்காகவே.

சிலர் ஒரு நோடிலேயே உற்பத்திச் சூழலுக்கான முழுக் கிளஸ்டர் கோப்பை ஏற்றுகிறார்கள். அதில் மான் எண்ணிக்கை 3, ஒரே நோடில் ஒன்றுக்கு மேல் கூடாது என்று இருக்கும். முதல் மானைத் தாண்டி எதுவும் நகராது. அதைத் தளர்த்திவிட்டாலும், 3 நகல் கேட்கும் சேமிப்புக் குளம் (தரவை எத்தனை நகலாக வைப்பது என்ற விதியுடன் கூடிய செஃப் பகுதி) இயல்பில் ஒவ்வொரு நகலையும் வெவ்வேறு நோடில் வைக்கத் தேடும், கிடைக்காமல் தரவுக் குழுக்கள் (செஃப் குளத்தின் தரவைப் பிரித்து வைக்கும் பகுதிகள்) குறையுற்ற நிலையிலேயே நிற்கும். இதை ரூக்கின் வழு என்று எண்ணி முறையீடு பதிபவர்கள் உண்டு. ஒரு நோடில் பல நகல் வேண்டுமென்றால், கூடுதல் டிஸ்க்கை 3 ஆக்கி, குளத்தின் பழுது எல்லையை (நகல்கள் எந்த அளவில் பிரிந்திருக்க வேண்டும் என்பதை) நோடு என்பதிலிருந்து ஓஎஸ்டி என்று மாற்றுங்கள். தரவு நகல்கள் பிரிவது, ஒரு ஓஎஸ்டி விழுந்து எழுவது ஆகியவற்றை அதிலேயே பார்த்துவிடலாம்.

உண்மையாகவே பல நோடு வேண்டிய இடங்கள் மூன்று: மான் இடமாற்றம், படிப்படியான பதிப்பு உயர்வு, நோடு பராமரிப்பின்போது பாட்களை வெளியேற்றுவது. இவற்றில் மான் இடமாற்றத்துக்கு மூன்று நோடுகூடப் போதாது. மூன்று நோடில் மூன்று மான் ஓடும்போது ஒரு நோடை நிறுத்தினால், மீதி இரண்டும் பெரும்பான்மையாக இருப்பதால் கிளஸ்டர் தொடரும். ஆபரேட்டர் விழுந்த மானுக்கு மாற்றாகப் புதிய மானை எழுப்ப முயலும். நோடுக்கு ஒன்று என்ற விதி இருப்பதால் அதற்கு இடமே கிடைக்காது. முன்னோட்டமாக அனுப்பப்படும் பாட் காத்திருப்பு நிலையிலேயே நிற்கும். நான்காவது நோடு இருந்தால்தான் இடமாற்றம் முழுமையடைவதைக் காண முடியும். இன்னொன்று, மான் பதிலளிக்காமல் 600 வினாடி ஆன பிறகே ஆபரேட்டர் அதை மாற்றத் தொடங்கும். அது தெரியாமல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கிளஸ்டர் கோப்பின் நலச் சோதனைப் பகுதியில் அந்தக் காத்திருப்பைக் குறைத்துக்கொள்ளலாம். விழுந்த ஓஎஸ்டியை வெளியே தள்ள செஃப் எடுத்துக்கொள்ளும் இயல்பு நேரமும் அதே 600 வினாடிதான். அது செஃப் அமைப்பு, தனியே மாற்ற வேண்டும்.

16 ஜிபியில் நான்கு மெய்நிகர் எந்திரம் என்பது நெருக்கடியான கணக்கு. ஓஎஸ்டியின் இயல்பு நினைவக இலக்கு 4 ஜிபி. தற்காலிகச் சேமிப்பு மெல்ல மெல்லவே நிரம்பும் என்பதால் வெற்றுக் கிளஸ்டர் எழுந்தவுடன் அவ்வளவையும் பிடித்துக்கொள்ளாது. ஆனால் தரவை எழுதி எழுதிச் சோதிக்கும்போது ஏறும். கிளஸ்டர் கோப்பில் ஓஎஸ்டிக்கு 2 ஜிபி வரம்பு வைத்தால் செஃப் அதற்கேற்பத் தன் இலக்கைக் குறைத்துக்கொள்ளும். மானுக்கு 1 ஜிபி, மேனேஜருக்கு 512 எம்பி. இவற்றுக்கும் கீழே இறக்கிவிட்டு, பாட் நினைவகமின்றிச் சாவதற்குக் காரணம் தேடுவது வீண்வேலை.

வைப்பாறு

இருவருக்கும் நன்றி. கேவிஎம்2 டிரைவருடன் தொடங்கியதும் ஓஎஸ்டி உடனே வந்துவிட்டது. என் மாற்றம் ஓஎஸ்டி பாடின் வரையறையைச் சார்ந்தது என்பதால் ஒரு நோடே போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

புதிதாக ஒன்று. அமைப்பை மாற்றி மறுபடி தொடங்குவதற்காக ரூக்கின் வளங்கள் இருக்கும் குபர்நெட்டிஸ் பிரிவான நேம்ஸ்பேஸை அழித்தேன். அது 'முடிவுறுகிறது' என்ற நிலையிலேயே நின்றுவிட்டது. ஒருவழியாக அதை நீக்கி மீண்டும் ஏற்றியபோது மான் எழவில்லை. மினிகியூபை முழுதாக அழித்துப் புதிதாகத் தொடங்குவது மட்டும்தான் வழியா? இமேஜ் கேள்வியும் நிலுவையில் இருக்கிறது.

நொய்யல்

அழித்துத் தொடங்குவது மட்டும்தான் வழி என்றில்லை; ஆனால் உங்கள் சூழலில் அதுவே சிறந்த வழி. மினிகியூப் சுயவிவரத்தை அழித்தால் மெய்நிகர் எந்திரமும் அதன் கூடுதல் டிஸ்க்கும் சேர்ந்தே போய்விடும். எச்சம் எதுவும் இருக்காது. களஞ்சியத்தின் சோதனை ஸ்கிரிப்ட் அடைவில், மினிகியூபைத் தொடங்குவது முதல் கிளஸ்டரை ஏற்றுவது வரை எல்லாவற்றையும் செய்யும் 'கிரியேட்-டெவ்-கிளஸ்டர்' என்ற ஷெல் நிரல் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே பயன்படுத்தாவிட்டாலும், படித்துப் பார்த்து உங்களுக்கேற்ற வடிவில் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோதனை கிளஸ்டர் உற்பத்திக் கிளஸ்டரைப் போல இருக்கிறதா என்பதைவிட, ஒரே கட்டளையில் அழிந்து ஒரே கட்டளையில் எழுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பழைய நிலையின் மிச்சம் ஒட்டியிருக்கும் கிளஸ்டரில் கிடைக்கும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

ஆயினும் என்ன நடந்தது என்று தெரிந்திருப்பது நல்லது, ஏனெனில் மெய்யான டிஸ்க் உள்ள கணினிகளில் இந்தக் குறுக்குவழி கிடைக்காது. செஃப் கிளஸ்டர், சேமிப்புக் குளம் போன்ற ரூக்கின் ஒவ்வொரு வளத்திலும் ஃபைனலைசர் என்ற பூட்டு ஒன்று இருக்கும். அதைத் திறப்பவர் ஆபரேட்டர் மட்டுமே. நேம்ஸ்பேஸை மொத்தமாக அழிக்கச் சொன்னால் ஆபரேட்டரும் அதோடு போய்விடும், பூட்டைத் திறக்க ஆளில்லாமல் மற்றவை நிற்கும். சரியான வரிசை இது: முதலில் சேமிப்பைப் பயன்படுத்தும் பாட்களும் தொகுதிக் கோரிக்கைகளும், அடுத்து குளங்களும் கோப்பு முறைமைகளும், அதன்பின் செஃப் கிளஸ்டர் வளம், அது முற்றிலும் மறைந்த பிறகே ஆபரேட்டர். குளம் மீதமிருக்கும்போது கிளஸ்டரை அழிக்கச் சொன்னால் ஆபரேட்டர் மறுத்து, எது தடுக்கிறது என்பதை நிலைச் செய்தியில் எழுதும்.

மான் எழாததற்குக் காரணம், நோடில் தங்கிவிட்ட பழைய மான் தரவும் சாவிகளும். இயல்பில் அவை 'வார்-லிப்-ரூக்' அடைவில் இருக்கும். நீங்கள் 'டேட்டா' அடைவுக்கு மாற்றியிருந்தால் அங்கே. புதிய கிளஸ்டருக்குப் புதிய அடையாளம், பழைய மானுக்குப் பழைய அடையாளம், இரண்டும் சேராது. அந்த அடைவை எல்லா நோடுகளிலும் அழிக்க வேண்டும். டிஸ்க்கைத் துடைக்காமல் விட்டால் அடுத்ததாக ஓஎஸ்டி தயாரிப்பு பாட், இந்த டிஸ்க் வேறொரு செஃப் கிளஸ்டருக்குச் சொந்தமானது என்று சொல்லி ஒதுக்கிவிடும். துடைப்பதற்கு 'எஸ்ஜிடிஸ்க்' கொண்டு பகிர்வு அட்டவணையை அழித்து, டிஸ்க்கின் தொடக்கத்தில் 100 எம்பி அளவுக்குச் சுழியங்களை எழுதுவது பழைய வழக்கம். செஃபின் ஸ்க்விட் பதிப்பு முதல், டிஸ்க்கில் தரவை எழுதும் அதன் பகுதியான புளூஸ்டோர் தன் முத்திரையின் படிகளை 1, 10, 100, 1000 ஜிபி தூரங்களிலும் வைப்பதால், தொடக்கத்தை மட்டும் துடைத்தால் பழைய முத்திரை உயிரோடு இருக்கும். அந்த இடங்களிலும் சுழியம் எழுத வேண்டும். எஸ்எஸ்டி என்றால் 'பிஎல்கே-டிஸ்கார்ட்' கட்டளை மொத்தத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடும். இவ்வளவையும் கையால் செய்வதற்குப் பதில், அழிக்கும் முன் செஃப் கிளஸ்டர் வளத்தின் துப்புரவுக் கொள்கையில், தரவை உண்மையாகவே அழிக்கலாம் என்ற உறுதிமொழியை எழுதிவிட்டால் ஆபரேட்டரே ஒவ்வொரு நோடிலும் துப்புரவு வேலையை ஏவும். சோதனை நோடுகளில் நான் பயன்படுத்துவது இதைத்தான்.

இமேஜ் விஷயம் எளிது. மினிகியூபின் 'டாக்கர்-என்வி' கட்டளை தரும் சூழல் மாறிகளை உங்கள் ஷெல்லில் ஏற்றிக்கொண்டால், நீங்கள் ஓட்டும் டாக்கர் கட்டளைகள் யாவும் மெய்நிகர் எந்திரத்துக்குள் இருக்கும் டாக்கரிடம் போகும். அந்த ஷெல்லிலேயே 'மேக்' கொண்டு செஃப் இமேஜைக் கட்டுங்கள், அல்லது வெளியே கட்டி மினிகியூபின் இமேஜ் ஏற்றும் கட்டளையால் உள்ளே தள்ளுங்கள். பிறகு ஆபரேட்டர் கோப்பில் என்ன பெயரும் ஒட்டும் (டேக்) இருக்கிறதோ அதே பெயரை உங்கள் இமேஜுக்கு இடுங்கள். முதன்மைக் கிளையில் அந்த ஒட்டு 'மாஸ்டர்' என்று இருக்கும். 'லேட்டஸ்ட்' அல்லாத ஒட்டுகளுக்குக் குபர்நெட்டிஸ் இயல்பில், உள்ளே இமேஜ் இருந்தால் வெளியே தேடாது. ஆகவே உங்கள் இமேஜே எழும். ஆபரேட்டர் பாடை அழித்தால் போதும், அதன் இடத்தில் எழும் பாடில் புதிய நிரல் ஓடும். பல நோடு மினிகியூபில் டாக்கர்-என்வி வேலை செய்யாது. அங்கே பதிவகத் துணைநிரலை இயக்கிக்கொள்ள வேண்டும்.

பொதிகை

நொய்யல் சொன்னதோடு ஒன்று. உங்கள் மாற்றம் வளங்களின் வகை வரையறைகளைத் தொட்டிருந்தால், இமேஜை மட்டும் மாற்றுவது போதாது. 'மேக் கோட்ஜென்', 'மேக் சிஆர்டிஸ்' இரண்டையும் ஓட்டி, உருவான சிஆர்டி கோப்பைக் கிளஸ்டரில் மறுபடி ஏற்ற வேண்டும். இல்லையேல் உங்கள் புதிய புலத்தைக் குபர்நெட்டிஸ் தெரியாத புலம் என்று வெட்டிவிடும். ஆபரேட்டருக்கு அது வந்தே சேராது, நிரலில் பிழை இல்லாமலே பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆபரேட்டரின் பதிவு நிலையை 'டிபக்' என்று வைத்துக்கொண்டால் எந்தப் புலம் வந்தது, எது வரவில்லை என்பது தெரியும்.

வைப்பாறு

அப்படியே செய்தேன், மாற்றிய ஆபரேட்டர் ஓடுகிறது, ஓஎஸ்டி பாடில் என் மாற்றமும் தெரிகிறது. பதிப்பு உயர்வை நானே சோதிக்காமல் மாற்றத்தை அனுப்பலாமா?

சுருளி

அனுப்பலாம். மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையைத் (புல் ரெக்வெஸ்ட்) திறந்ததும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒருங்கிணைப்புச் சோதனைகள் தாமாக ஓடும். அவற்றில் அடிப்படைச் சோதனை, ஹெல்ம் (குபர்நெட்டிஸ் நிறுவல் கருவி) வழி நிறுவல், பதிப்பு உயர்வு, ஆப்ஜெக்ட் சேமிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுப்புகள் உள்ளன. ஓஎஸ்டி பாடின் வரையறை மாறினால், பதிப்பு உயர்வின்போது இருக்கும் எல்லா ஓஎஸ்டிகளும் மறுதொடக்கம் ஆகும் என்பதை மட்டும் கோரிக்கையின் விளக்கத்தில் எழுதிவிடுங்கள். மதிப்பாய்வாளர்கள் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். அலகுச் சோதனையை உங்கள் கணினியிலேயே ஓட்டிவிடுங்கள், அதற்குக் கிளஸ்டர் தேவையில்லை. கமிட் தலைப்பு எந்தக் கூறு என்று தொடங்கி முக்காற்புள்ளியுடன் வர வேண்டும், அடியில் கையொப்ப வரியும் வேண்டும். அது இல்லாவிட்டால் நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சோதனைப் பட்டியலில் சிவப்பாகவே நிற்கும்.